ஓர் அடிக்கு அரை அங்குலம்: மேசைக்கு வரும் நாமக்கல் லாரி

ஓசூரிலிருந்து தெற்கே வரும் நெடுஞ்சாலையில் அந்த வண்டியைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் இருக்கும், ஸ்டியரிங் இருக்கும், ஆறோ பத்தோ சக்கரம் இருக்கும். கேபின் இருக்காது, கதவு இருக்காது, பின்னால் பாடி என்று ஒன்றுமே இருக்காது. தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, தற்காலிகமாகப் பொருத்திய இருக்கையில் டிரைவர் உட்கார்ந்திருப்பார். காற்று முகத்தில் அறைய, அந்த எலும்புக்கூடு நாமக்கல்லைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். கம்பெனி கொடுத்தது அவ்வளவுதான். மீதியைப் பட்டறை பார்த்துக்கொள்ளும்.

மாடல் கிட் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பாகங்களை முதல் தடவை பார்க்கும்போது வயிற்றுக்குள் ஒரு குறுகுறுப்பு ஓடுமே, எனக்கு அது அந்தச் சாலையில் வரும். ஏனென்றால் அது ஒன்றுக்கு ஒன்று அளவில் ஒரு கிட்! சேஸ் ஒரு பெட்டி. பாடி இன்னொரு பெட்டி. நிறம், பெயர், ஸ்டிக்கர், கண்திருஷ்டிப் படம் எல்லாம் ஓனர் விருப்பம். உலகமெங்கும் மாடல் பிரியர்கள் மேசை விளக்கின் கீழ் செய்கிற வேலையை, நாமக்கல்லும் திருச்செங்கோடும் சங்ககிரியும் பல பத்தாண்டுகளாக வெல்டிங் ராடும் இழைப்புளியும் வைத்து நிஜ வண்டியில் செய்துவருகின்றன. அப்படிப்பட்ட ஊரின் லாரியை டாமியா தொட்டதில்லை, ரெவெல் தொட்டதில்லை, லாரி கிட்டுகளுக்கே பெயர்போன இத்தாலியின் இடாலேரியும் தொட்டதில்லை.

ஆனால் வரப்போகிறது. இதை நான் ஆசைக்காகச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்து மாடியறைகளில் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அப்படி ஓர் அறைக்குள் உங்களைக் கூட்டிப்போகிறேன், வாருங்கள். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் சாலைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு வீட்டு மாடி. அறைக்குச் சொந்தக்காரர் பகலில் பட்டறையில் கேபின் கட்டுகிற தம்பி. இரவில் அதே கேபினை இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவில் கட்டுகிறார்.

“உள்ள வாங்ணா. பாத்துங்க, கீழ கேபின் காய வெச்சிருக்கறேன், மிதிச்சுப்போடாதீங்க!”

தரையில் செய்தித்தாள் மேல் ஒரு கேபின் காய்கிறது. கட்டிலுக்கடியில் ஒரு டாரஸ் லாரி, ஜன்னல் திண்டில் பெயின்ட் போடாத இரண்டு கேஸ் டேங்கர், அலமாரியில் துணிக்குப் பதிலாகச் சக்கரங்கள். மேசையில் கட்டர் பிளேடு, ஸ்டீல் ஸ்கேல், ஃபெவிக்விக், எம்-சீல், கையால் சுற்றும் குட்டி டிரில். சுவரோரம் சாய்த்து வைத்த வெள்ளை ஃபோம் ஷீட்டுகள். விளம்பரப் பலகை செய்பவர்கள் வாங்கும் அதே ஷீட்தான். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மினியேச்சர் பஸ், லாரி கட்டும் பையன்கள் எல்லாருக்கும் மூலப்பொருள் அதுதான். வெளிநாட்டு கிட் வாங்கிக் கட்டுவது இங்கே பலருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அவர்கள் கிட் இல்லாமலே கட்டக் கற்றுக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள், அது இன்னும் கஷ்டமான வித்தை!

அளவைப் பற்றிக் கேட்டேன். தம்பி இடுப்பில் தொங்கிய டேப்பைத் தட்டிக் காட்டினார்.

“ஓர் அடிக்கு அரை அங்குலம்ங்ணா. அவ்ளோதான் கணக்கு. பட்டறை டேப்பையே இங்கயும் வெச்சுக்கலாம்.”

எனக்குக் கைதட்டத் தோன்றியது. 1/24 என்றால் பன்னிரண்டு அங்குலத்தை இருபத்துநான்கால் வகுக்க வேண்டும். விடை சரியாக அரை அங்குலம். நம் லாரிப் பட்டறைகள் இன்றும் அடிக்கணக்கில்தான் பேசுகின்றன. பதினெட்டு அடி பாடி, இருபத்துநான்கு அடி பாடி என்றுதான் ஆர்டரே வரும். இருபத்துநான்கு அடி பாடி மேசையில் சரியாக ஓர் அடி நீளம்! மனக்கணக்கிலேயே முழு லாரியையும் சுருக்கிவிடலாம்.

மற்ற ஊர்களில் அளவு பிறந்த கதைகள் இவ்வளவு நேர்த்தியானவை அல்ல. உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு 1/35 என்ற விநோத அளவு நிலைத்ததற்கு ஜப்பானின் டாமியாதான் காரணம். அவர்களுடைய முதல் மோட்டார் வைத்த பாந்தர் டாங்கிக்குள் பேட்டரி நுழைய வேண்டும். நுழையும் அளவுக்கு உடலைப் பெரிதாக்கினார்கள். பிறகு கணக்குப் போட்டால் ஏறத்தாழ முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. பேட்டரி தீர்மானித்த அளவு இன்று ஓர் உலக வழக்கம். நம்முடையது பட்டறை டேப் தீர்மானித்த அளவு. எனக்கு நம்முடையதுதான் பிடித்திருக்கிறது.

இனி உள்ளே குனிந்து பார்ப்போம். பத்து அங்குல அகலம், இருபது அங்குல ரிம் என்கிற பெரிய லாரி டயரின் விட்டம் நிஜத்தில் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1/24 அளவில் 44 மில்லிமீட்டர். பத்துச் சக்கர லாரிக்கு ஸ்டெப்னியோடு சேர்த்துப் பதினொன்று வேண்டும். ஒவ்வொன்றாகச் செதுக்கினால் வாழ்நாள் போய்விடும். அதனால் ஒரே ஒரு டயரை மட்டும் பட்டன் வரிகளோடு உயிரைக் கொடுத்துச் செய்து, அதன் மேல் சிலிகான் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் கறுப்பு ரெசினை ஊற்றி ஊற்றி எடுக்கிறார்கள். நான் போன அன்று ஒன்றை அச்சிலிருந்து பிதுக்கி எடுத்துக் காட்டினார். பளபளவென்று, பக்கச் சுவரின் எழுத்து வரைக்கும் தெரிய, வெதுவெதுப்பாக வந்து என் உள்ளங்கையில் விழுந்தது!

பின்கதவில் தொங்கும் சங்கிலிக்குக் கொலுசுப் பட்டறைத் துண்டு. சேலம் வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்பெற்ற ஊர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கேட்டால் மயிரிழைச் சங்கிலியெல்லாம் கிடைக்கும். பக்கவாட்டில் ஓடும் ஸ்டீல் பட்டைக்கு ஏசி மெக்கானிக் ஒட்டும் அலுமினிய டேப். உள்தளத்துப் பலகைக்கு, பட்டறையில் நிஜ லாரிக்கு மரம் இழைக்கும்போது சுருண்டு விழுந்த சீவல். அதை நனைத்து, நிமிர்த்தி, வெட்டி ஒட்டினால் மரத்தின் ரேகை அப்படியே தெரியும். கீழே சாலையில் ஓடும் லாரியும் மேலே மேசையில் நிற்கும் லாரியும் ஒரே மரம்.

கேஸ் டேங்கர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தென்னிந்தியாவின் சமையல் எரிவாயு டேங்கர் லாரி உரிமையாளர்கள் சங்கத்துக்குத் தலைமையிடமே நாமக்கல். அந்த உருளை வண்டிகள் இந்த ஊருக்கு வீட்டுப்பிள்ளை மாதிரி. அதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? 90 மில்லிமீட்டர் பிவிசி குழாய்! 24-ஆல் பெருக்குங்கள்: 2 மீட்டர் 16 சென்டிமீட்டர். நிஜ டேங்கர் உருளைக்கு அருகிலேயே வந்துவிட்டது. இரண்டு முனைகளிலும் கவிழ்ந்த கிண்ணம் போன்ற மூடி வேண்டுமல்லவா? அதுவும் அதே ஹார்டுவேர் கடையில், அதே அளவில், எண்ட் கேப் என்ற பெயரில் தொங்குகிறது. கொஞ்சம் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டு வளைவைச் சரிசெய்தால் போதும்.

அடுத்து அவர் ஒரு தீப்பெட்டியைத் திறந்தார். உள்ளே முட்டை அட்டைகள்! நாமக்கல்லில் லாரி கட்டிவிட்டு முட்டை ஏற்றாமல் விட முடியுமா? அட்டைக்கு முப்பது முட்டை, ஆறுக்கு ஐந்து. நிஜ முட்டையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் என்றால் 1/24-இல் 2.3 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன வெள்ளை உருண்டைகளை ஆயிரக்கணக்கில் யார் உருட்டுவது?

“யாரும் உருட்ட வேண்டாங்ணா. சவ்வரிசி!”

சேலத்து ஜவ்வரிசி! 1981-இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு இருக்கும் ஊர், மரவள்ளி காயும் சமவெளி. அங்கே பிறந்த பொடி ரகம் நாமக்கல் முட்டையாகிறது. ஒரேயொரு ஜாக்கிரதை வேண்டும்: தண்ணீர் கலந்த பசை பட்டால் ஜவ்வரிசி ஊறிக் குழைந்துவிடும். ஃபெவிக்விக் சொட்டில் ஒட்டி, மேலே வார்னிஷ் தெளிக்க வேண்டும். மேல் அடுக்குக்கு மட்டும் ஜவ்வரிசி. அடியில் வெறும் அட்டை அடுக்கு. இந்த யோசனையை, மாடல் கம்பெனிகள் குவிந்திருக்கும் ஷிசுவோகாவில் ஒரு ஜப்பானியர் கேட்டால் எழுந்து நின்று கும்பிடுவார்.

தூசுக்கும் ஊர்ப்பெயர் உண்டு. நம்பர் தகட்டில் டி.என். 28 என்றால் நாமக்கல், 34 என்றால் திருச்செங்கோடு, 52 என்றால் சங்ககிரி. அதற்கேற்றபடி அழுக்கு ஏற்ற வேண்டும். சங்ககிரி சிமென்ட் லாரிக்குச் சாம்பல் படலம், சேலத்து வெள்ளைக்கல் சுரங்க டிப்பருக்கு மாவு வெள்ளை, நாமக்கல் கிராமத்துக் கோழிப்பண்ணை வண்டிக்குச் செம்மண். செம்மண்ணைப் பழைய வேட்டியில் சலித்து, சக்கர வளைவுக்குள் தூவி, பளபளப்பு இல்லாத வார்னிஷால் நிறுத்துகிறார்கள். கடையில் விற்கும் ‘தூசு நிற’ப் புட்டி எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது.

இதே தலைமுறைக்கு இன்னொரு பட்டறையும் இருக்கிறது, கைப்பேசிக்குள். 2017-இல் வந்த ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ விளையாட்டுக்கு நம் பையன்கள் தமிழ்நாட்டு பஸ், லாரி மாடல்களை வரைந்து வரைந்து குவித்துவிட்டார்கள். சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கே.பி.என். பஸ்ஸின் நிறத்தைக்கூடத் திரையில் கச்சிதமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவை வெறும் விளையாட்டு அல்ல. முப்பரிமாண மாடல் வரையத் தெரிந்த கைகள் இந்தச் சமவெளியில் எத்தனை இருக்கின்றன என்பதற்குச் சாட்சி. வரையத் தெரிந்துவிட்டால் ரெசின் 3டி பிரின்டர் மீதியைச் செய்துவிடும். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குப் படிவமாக, கிரில்லும் கண்ணாடியும் கதவுக் கைப்பிடியும் வந்துவிடும். தம்பியின் புதிய கேபின்களில் கைப்பிடிகள் எல்லாம் அப்படி வந்தவைதான்.

சரி, பெரிய கம்பெனிகள் அடுத்து என்ன கொண்டுவருவது என்று எப்படி முடிவெடுக்கின்றன? இதுதான் மாடல்காரர்கள் டீக்கடையில் ஓயாமல் பேசும் விஷயம். ஜனவரி கடைசியில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சி, மே மாதம் ஜப்பானின் ஷிசுவோகா ஹாபி ஷோ. டாமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என நான்கு பேருக்கும் ஷிசுவோகா மாகாணம்தான் ஊர். இந்த இரண்டு கண்காட்சிகளுக்கு முந்தைய வாரங்களில் மாடல்காரர்கள் தூங்குவதில்லை.

இந்தத் தொழிலின் சில பெரிய பெயர்கள் கிட்டுக்கு வந்ததே வண்டி விற்கிறவர்களின் மேசை வழியாகத்தான். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 1949-இல் செய்த ஃபெர்குசன் டிராக்டர், அந்தக் கம்பெனியின் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்காகச் செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஏ.எம்.டி. 1948-இல் தொடங்கி, கார் ஷோரூம்களுக்கான குட்டி மாதிரிகளைத்தான் முதலில் வார்த்தது. 1958-இல் அது ‘ஒன்றில் மூன்று’ கிட்டைக் கொண்டுவந்தது: ஒரே பெட்டிக்குள் கம்பெனி வண்டி, அலங்கார வண்டி, பந்தய வண்டி என மூன்று விதமாகக் கட்டுவதற்கான பாகங்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எஃகு அச்சு செய்வதுதான் பெரும் செலவு. நூற்றுக்கணக்கான பாகங்களின் எதிர்வடிவத்தை எஃகில் குடைந்து எடுக்க வேண்டும். அதற்கு முன் நிஜ வண்டியை அணு அணுவாக அளக்க வேண்டும். டாமியாவை வளர்த்த ஷுன்சாகு டாமியா, போர்ஷே 934 கிட்டுக்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டவர். இப்படி உயிரைக் கொடுத்துச் செய்த அச்சு பல பத்தாண்டு உழைக்கும். 1970களில் குடைந்த அமெரிக்க லாரி அச்சுகள் இன்றும் புதுப் பெட்டியில் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் ஓர் அச்சிலிருந்து எத்தனை விதமான பெட்டி வரும் என்ற கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நாமக்கல் லாரி இங்கேதான் அவர்களுக்குப் பிடிபடாமல் போனது. கேபினைக் கம்பெனி செய்யவில்லையே! பட்டறைக்குப் பட்டறை நெற்றி வேறு, கண்ணாடிச் சாய்வு வேறு, தலைக்கு மேல் நீட்டிய கேரியர் வேறு. ஒரே பட்டறையில் ஒரே மாதத்தில் வெளியான இரண்டு வண்டிகள்கூட அச்சில் வார்த்ததுபோல் இருக்காது. எந்த முகத்தை எஃகில் குடைவது?

இப்போது அந்தக் கணக்கு மாறிவிட்டது. சரக்கு வண்டிகளின் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 093 என்ற தர விதி வந்தது. 2025-இல் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் கேபினில் ஏசி கட்டாயமானது. முழுக் கேபினையும் கம்பெனியே பொருத்தி அனுப்பும் காலம் இது. பட்டறைக் கேபினின் கைவேலை குறைவது எனக்கு வருத்தம்தான், அதை மறைக்கமாட்டேன். கட்டிலுக்கடியில் இருக்கும் அந்தக் குட்டி டாரஸ்தான் சில கேபின் பாணிகளுக்கு இனி ஆவணமாக மிஞ்சும். ஆனால் மாடல்காரக் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது: லாரியின் முகம் முதல்முறையாக ஒரே மாதிரி ஆகிறது. ஒரே மாதிரி ஆனதை எஃகில் குடையலாம்!

என் பந்தயங்களைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கட்டும் பந்தயம், ஜிம்னி. ஹசெகாவா பழைய ஜிம்னியை 1/24-இல் கொடுத்திருக்கிறது. அவோஷிமா இன்றைய மூன்று கதவு ஜிம்னியை 1/32-இல், பசையே இல்லாமல் சொருகிக் கட்டும் கிட்டாகக் கொடுத்திருக்கிறது. இப்போது ஐந்து கதவு ஜிம்னியைப் பாருங்கள். குருகிராமில் தயாராகி, ஜப்பானுக்குக் கப்பலேறி, ‘நோமேட்’ என்ற பெயரில் 2025 தொடக்கத்தில் அறிவிக்கப்பட்டது. நான்கே நாளில் சுமார் ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்துவிட, முன்பதிவையே நிறுத்தவேண்டி வந்தது! ஜப்பானியர்கள் இவ்வளவு ஆசைப்படும் வண்டியை ஷிசுவோகா விட்டுவைக்காது. இந்திய மண்ணில் உருவான வண்டிக்கு ஜப்பானியப் பெட்டியில் நிலையான இடம் கிடைக்கும். அதோடு நமக்கு ஓர் இனாம்: பழைய ஜிம்னி கிட்டை நீட்டினால் காவல்துறை ஜிப்சி, வனத்துறை ஜிப்சி இரண்டும் கட்டலாம்.

இரண்டாவது பந்தயத்தைச் சொல்லும்போது எனக்கே படபடக்கிறது. 2025 ஜூலையில் டாடா மோட்டார்ஸ், இத்தாலியின் இவெகோ லாரி நிறுவனத்தை வாங்கப்போவதாக அறிவித்தது. இவெகோவின் லாரிகளை 1/24 அளவில் காலங்காலமாக கிட் செய்துவருவது யார்? இடாலேரி! உரிமம் கேட்டுப் பழகிய கதவு அது. அந்தக் கதவுக்குப் பின்னால் இனி டாடாவும் உட்கார்ந்திருக்கும். இடாலேரி பெட்டியின் மேல் ஒரு டாடா லாரி என்பது இத்தனை நாள் பகல்கனவு. இனி இரண்டே கடிதப் போக்குவரத்துத் தூரம். இதில் ஒரு பழைய உறவும் இருக்கிறது. 1987 முதல் இருபதாண்டுக் காலம் அசோக் லேலண்டில் இவெகோவுக்குப் பங்கு இருந்தது. நம் சாலையில் ஓடிய லேலண்ட் ‘கார்கோ’வின் கேபின் அந்த வழியில் வந்ததுதான்.

அம்பாசடருக்கு ஆசை அதிகம், நம்பிக்கை குறைவு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து, 2014-இல் உத்தர்பாடா ஆலையில் நின்றுபோன கார். 2017-இல் பெயர் உரிமை பிரான்ஸின் பெஜோ குழுமத்துக்குப் போனது. இழுத்துவிட்டால் ஓடும் பொம்மை அம்பாசடரை செண்டி டாய்ஸ் நமக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் கதவு திறந்து, பானெட் திறந்து, பெஞ்ச் சீட்டுக்கு உறை போட்டு, பின்கண்ணாடிக்குத் திரை கட்டக்கூடிய 1/24 கிட்? யாராவது துணிந்தால் முதல் நாளே நான் வாங்குவேன்.

சினிமா வழி இன்னும் குறுக்குவழி. ஜப்பானில் 1975-இல் தொடங்கி 1979 வரை பத்துப் பாகம் ஓடிய ‘டொராக்கு யாரோ’ படங்களில் நாயகன் ஒரு லாரி டிரைவர். விளக்கும் குரோமும் ஓவியமுமாக ஜொலிக்கும் அந்த அலங்கார லாரிகளுக்கு டெக்கோடோரா என்று பெயர். அவோஷிமா அவற்றுக்கென்றே 1/32 அளவில் ஒரு வரிசை கிட்டுகளைச் செய்து, இன்றும் விற்கிறது. நெற்றியில் சாமி பெயர், பம்பரில் புலி, பின்னால் கழுகு என்று ஓடும் நம் லாரி எதில் குறைந்தது? 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’யில் ஓர் இரவு முழுக்க ஓடியது ஒரு லாரிதானே! அந்த லாரியைக் கிட்டாகக் கொண்டுவரும் முதல் ஆள் ஒரு தலைமுறையையே மாடல் பக்கம் திருப்பிவிடுவார். ‘கல்கி 2898 ஏடி’ படத்தின் புஜ்ஜியை மஹிந்திராவோடு சேர்ந்து நிஜமாகவே ஓடும் வண்டியாகக் கட்டியது கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ். கொங்கு மண் சினிமா வண்டியை முழு அளவிலேயே கட்டிவிட்டது, சுருக்குவதா கஷ்டம்?

யார் செய்வார்கள்? உள்ளூரில்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். பொம்மைகளுக்கும் மாடல்களுக்கும் இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது. 2021 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். வெளிநாட்டுக் கிட் வாங்குகிறவர்களுக்கு இது வலி. இங்கே செய்ய நினைப்பவருக்குத் திறந்த மைதானம். செய்யத் தெரியுமா என்று யாரும் கேட்க வேண்டாம். 2010களில் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றைத் திருப்பிப் பாருங்கள்: தயாரிப்பு இந்தியா. பிரிட்டிஷ்காரர்கள் கொண்டாடும் ஸ்பிட்ஃபயர்களை வார்த்துக் கொடுத்த நாடு, தன் லாரியை வார்க்காதா?

இனி ஏ.எம்.டி.யின் அந்த ‘ஒன்றில் மூன்று’ பெட்டிக்கு வருவோம். என் கட்சி இதுதான்: முதல் நாமக்கல் கிட் ஒரே பெட்டியாக வரக் கூடாது, இரண்டாக வர வேண்டும். சேஸ் பெட்டி ஒன்று: ஃபிரேம், எஞ்சின், ஆக்சில், சக்கரம், கம்பெனிக் கேபின். அதற்கு மட்டும் எஃகு அச்சு. அசோக் லேலண்ட் 2020-இல் கொண்டுவந்த ஏ.வி.டி.ஆர். வரிசையே இந்த மாதிரிதான், கேபின், ஆக்சில், எஞ்சின் என்று தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பு. பாடி பெட்டிகள் தனி: முட்டை லாரி, கேஸ் டேங்கர், டிப்பர், சிமென்ட் வண்டி. இவற்றுக்கு எஃகு அச்சே வேண்டாம். பெயர்ப்பலகை வெட்டும் லேசர் கட்டிங் கடையில் ஷீட்டாக வெட்டி, ரெசினில் வார்த்த பாகங்களோடு பொட்டலம் கட்டிவிடலாம். அச்சுச் செலவு ஒரே தடவை, பெட்டிகளோ விதவிதமாக. நிஜ லாரி இந்த ஊரில் எந்த வழியில் பிறந்ததோ அதே வழியில் குட்டி லாரியும் பிறக்கும். வாங்குகிற பையன் சேஸை முதலில் கட்டுவான், பிறகு எந்த பாடி கட்டுவது என்று ஓனர் மாதிரி யோசிப்பான். அந்த யோசனையில் கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே இது இப்படி வர வேண்டும்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் ஏற்கெனவே ஒரே ஃபிரேமை ஐந்தாறு வார்த்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். எந்த பாடியை எடுத்தாலும் உட்காரும்படி, ஆணித்துளைகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில்.

“பட்டறையில இப்புடித்தானுங்ணா பண்ணுவோம், இதுல என்ன புதுசு?” என்றவர் உடனே அடுத்ததற்குத் தாவிவிட்டார். அடுத்தது ரிக்! திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடப் போகும் ரிக் வண்டி. கூடவே கம்ப்ரசர், ராடு அடுக்கு, தூக்கி நிறுத்தும் மாஸ்ட். இருபது அடி ராடு மேசையில் பத்து அங்குலம். அந்த மாஸ்ட் சும்மா நிற்கக் கூடாதாம். இரண்டு இன்ஜெக்‌ஷன் சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்து, தண்ணீர் நிரப்பி, நிஜ ஹைட்ராலிக்காகவே தூக்க வேண்டுமாம். ஒரு சிரிஞ்சை அழுத்தினார். மறுமுனையில் மரக்குச்சி மாஸ்ட் மெதுவாக எழுந்து நேராக நின்றது!

“ஞாயித்துக்கெழம திருச்செங்கோட்டுக்கு அளவெடுக்கப் போறேனுங்ணா. டேப்போட மறுமுனையப் புடிக்க ஓர் ஆள் வேணும், வர்றீங்களா?”

கேட்டு முடிப்பதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்.